பட்டியலில் இல்லாதவர்

கல்வியாண்டு நிறைவுறும் ஏப்ரல் மாதத்தில், நாங்கள் பணியாற்றிய பள்ளியின் ஆசிரியர் சங்கக் கிளை நான்கு பக்கச் சுற்றறிக்கை ஒன்றை வெளியிடுவது நெடுநாளைய வழக்கம். முன்னாளில் ஸ்டென்சில் வெட்டிப் படியெடுத்தோம். பின்னர் ஜெராக்ஸ் கடையில் எடுத்தோம். இன்று அது உறுப்பினர்களின் கைப்பேசிக்கே வந்து சேர்ந்துவிடுகிறது. கருவி மாறியதேயன்றி உள்ளடக்கம் பெரிதும் மாறவில்லை. அவ்வாண்டு பணி ஓய்வு பெறுவோர்க்கு வாழ்த்து, உறுப்பினர் இல்லத் திருமணங்கள், அரசுத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளைகள், காலமான முன்னாள் ஆசிரியர்க்கு அஞ்சலி, நல நிதியின் வரவு செலவு, கடைசிப் பக்கத்தில் பணியிடக் குழு அவ்வாண்டு எடுத்துக்கொண்ட முயற்சிகள். இவ்வளவுதான்.

கல்யாணச் செய்தியும் கருமாதிச் செய்தியும் போடுவதற்கு ஒரு சங்கமா என்று இதை ஏளனம் செய்தவர்கள் உண்டு. ஊதிய உயர்வுக்கும் உரிமைப் போருக்கும் அமைந்த சங்கம், குடும்ப விழாக் குறிப்பேடாகச் சுருங்கிவிட்டது என்பது அவர்கள் குறை. நாங்கள் அவ்வாறு எண்ணியதில்லை. ஒருவர் வீட்டு இழவுக்கு மற்றவர் போய் நின்றிராவிட்டால், ஒருவர் கைதானபோது மற்றவர் போய்ச் சிறை வாயிலில் நிற்கமாட்டார். 2003ஆம் ஆண்டு ஜூலையில் தமிழக அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தபோது, ஏறத்தாழ 1,70,000 பேர் ஓர் அவசரச் சட்டத்தின் துணையால் வேலையிலிருந்து நீக்கப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்நாள்களில், சம்பளம் நின்றுபோன வீடுகளுக்கு அரிசியும் பள்ளிக் கட்டணமும் கொண்டுபோய்ச் சேர்த்தவை பெரும்பாலும் இத்தகைய சிறு கிளைகளே. ஆகஸ்டு 6 அன்று உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்க்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, அறநெறிப்படியான உரிமையும் இல்லை என்று கூறியது. மூன்றாவதாகச் சொல்லப்பட்டதை நீதிமன்றம் தீர்மானிக்க இயலுமா என்பது வேறு விவாதம். நாம் சொல்ல வந்தது அதுவன்று.

பணியிடக் குழுவைப் பற்றி ஒரு சொல். பள்ளியின் ஆசிரியர்களில் ஐவர் கொண்ட குழு அது. மாதம் ஒருமுறை, இரண்டாம் சனிக்கிழமையன்று, நூலகத்தில் கூடும். அது சாதித்தவற்றைப் பட்டியலிட்டால் படிப்பவர்க்குச் சிரிப்பு வரலாம். ஆசிரியை அறையை ஒட்டி ஒரு கழிப்பறை கட்டுவித்தது. சூல் கொண்ட ஆசிரியைக்குத் தேர்தல் பணியிலிருந்து விலக்குப் பெற்றுத் தந்தது. மாவட்டக் கல்வி அலுவலகத்தில் ஓராண்டாக உறங்கிய வருங்கால வைப்பு நிதிக் கோப்பை எழுப்பியது. ஒருவர் விடுப்பில் சென்றால் அவருடைய பாடவேளை எப்போதும் ஒரே இளையவர் தலையில் விழாதபடி முறை வகுத்தது. புரட்சி எதுவும் இல்லை. ஆயினும் அக்கழிப்பறைக்காக மூன்றாண்டு காத்திருந்தோரிடம் கேட்டால், அது சிறியதென்று சொல்லமாட்டார்கள்.

இத்தனையையும் பெருமிதத்தோடு எழுதிவந்த எங்களை, ஓர் ஏப்ரல் மாதத்தில் ஒரு கேள்வி தடுமாற வைத்தது.

எங்கள் பள்ளியில் அரசின் ஊதியம் பெறும் ஆசிரியர் 41 பேர் இருந்தனர். அவர்களல்லாமல், சுயநிதிப் பிரிவிலும், நிரப்பப்படாத காலியிடங்களிலும் நிர்வாகமே அமர்த்திய ஆசிரியர் 19 பேர். மக்கள் பேச்சில் அவர்கள் ‘மேனேஜ்மெண்ட் டீச்சர்’கள். கல்வித் தகுதியில் அவர்கள் எங்களுக்குக் குறைந்தவரல்லர். சிலர் எங்களினும் மிக்கவர். அதே மணியொலிக்கு எழுந்து, அதே சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு, அதே பிள்ளைகளிடம் போவார்கள். எங்களுள் ஒருவர் ஒரு திங்களில் பெற்றதை அவர்களுள் ஒருவர் ஐந்து திங்களில் பெறுவார். ஐந்து என்றால் ஆண்டுக்குப் பன்னிரண்டு திங்கள் என்ற கணக்கிலும் அன்று. ஏப்ரல் 30 அன்று விடுவிப்புக் கடிதத்தில் கையொப்பம் வாங்கிக்கொள்வார்கள். பள்ளி திறக்கும் ஜூனில் புதிய பணி ஆணை கொடுப்பார்கள். இடைப்பட்ட மே மாதம் அவர்களுடைய நாட்காட்டியில் இல்லை.

அவர்களுள் கணித ஆசிரியை ஒருவர். பதினொன்றாம் ஆண்டாக அவ்வாறு விடுவிக்கப்பட்டும் அமர்த்தப்பட்டும் வந்தவர். எங்கள் ஆண்டு விழாவுக்கு நன்கொடை திரட்டுவதிலும், ஓய்வு பெறுவோர்க்கு மாலை வாங்கி வருவதிலும் முன்நிற்பவர். அவ்வாண்டுச் சுற்றறிக்கையைப் படியெடுக்கக் கடைக்குக் கொண்டுபோய் வந்தவரும் அவரே. திரும்பி வந்து எங்களிடம் கொடுத்தவர் சற்றுத் தயங்கி, “சார், இதுல எங்க பேரெல்லாம் வராதா?” என்றார். அவருடைய மகன் அவ்வாண்டு பத்தாம் வகுப்பில் தேறியிருந்தான். உறுப்பினர் பிள்ளைகளின் பெயர்களை மட்டுமே வெளியிடுவது மரபென்று விளக்கினோம். அவர் “சரிங்க சார்” என்று போய்விட்டார்.

அடுத்த மே மாதத்தில் அவருடைய கணவர் ஆட்டோ விபத்தில் கால் முறிந்து மருத்துவமனையில் கிடந்தார். செய்தி அறிந்து நாங்கள் ஒருவரையொருவர் அழைத்து, விடுமுறையிலும் தொகை திரட்டி, 6,400 ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அச்செயலில் எங்களுக்கு உள்ளூர ஒரு நிறைவு இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. ஜூனில் பள்ளி திறந்ததும் அவர் நன்றி சொல்ல வந்தார். “நீங்கல்லாம் வந்து பாத்தத மறக்கவே மாட்டேன் சார்” என்றார். பிறகு, குற்றம் சாட்டும் தொனி சிறிதுமின்றி, கணக்குச் சொல்லித் தருபவரைப் போலவே சொன்னார்: “மே மாசச் சம்பளம் வந்திருந்தா 7,500. நான் யாருகிட்டயும் கை நீட்டியிருக்க வேண்டாம்.”

6,400க்கும் 7,500க்கும் இடையே உள்ள வேறுபாடு 1,100 ரூபாய் அன்று. முன்னது எங்கள் இரக்கம். பின்னது அவருடைய உழைப்பின் விலை. ஒருவர்க்கு உரியதைக் கிடைக்கவிடாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதைவிடக் குறைந்த ஒன்றை அன்பின் பெயரால் அவருக்கே அளித்து, நன்றியையும் பெற்றுக்கொண்டோம். திருடிய வீட்டுக்காரனுக்கே அன்னதானம் செய்ததற்கு இது ஒப்பாகுமா? முழுவதும் ஒப்பாகாது, அவருடைய ஊதியத்தை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. ஆயினும் நாங்கள் எடுக்கவில்லை என்பதனாலேயே எங்களுக்கு அதில் பங்கில்லை என்று ஆகிவிடுமா? இதுதான் நாம் எண்ணிப் பார்க்க விரும்பும் கேள்வி. ஒரு சங்கம் தன் உறுப்பினர்க்கு உழைக்கவே அமைந்தது. தன் பட்டியலில் இல்லாதவர்க்கு அது கடன்பட்டதா?

குழுவில் இதை எழுப்பியபோது எதிர்ப்புகள் பல வந்தன. அவை எல்லாம் தன்னலத்தின் குரல்கள் என்று ஒதுக்கிவிட இயலாது. விதிமுறை இடம் தராது என்றார் ஒருவர். ஏற்பளிக்கப்பட்ட பணியிடத்தில் இருப்பவரே உறுப்பினராகலாம் என்று அதில் தெளிவாக உள்ளது. நாம் வாய் திறந்தால் அந்தப் பத்தொன்பது பேருக்கும் ஜூனில் ஆணை வராமல் போனால் என்ன செய்வது என்றார் மற்றொருவர். இது உண்மையான அச்சம். நிர்வாகத்தின் வருவாய் சுயநிதிப் பிரிவுக் கட்டணம் ஒன்றே. ஊதியத்தை உயர்த்தினால் கட்டணம் உயரும். கட்டணம் உயர்ந்தால் பூ விற்பவரின் மகளும் கொத்தனாரின் மகனும் வெளியே போவார்கள். அப்போது யாருக்கு நீதி செய்தோம் என்று கேட்டார் மூத்தவர் ஒருவர். இம்மூன்றில் கடைசியானதே எங்களைப் பெரிதும் வருத்தியது. ஏழைப் பிள்ளைகளுக்காக எழுந்த பள்ளி ஏழை ஆசிரியையின் மே மாதத்தால் நடைபெறுகிறது என்னும் உண்மையை அவர் அறியாமலே எங்கள் முன் வைத்துவிட்டார். ஏழைக்கு ஏழையே கொடை கொடுக்கிறாள். பெயர் மட்டும் நமக்கு.

நான்காவது எதிர்ப்பு ஒன்று இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர்களும் நாங்களும் ஒரே நிலையினராகிவிட்டால், தேர்வெழுதி, பதிவுமூப்புக்குக் காத்திருந்து நாங்கள் பெற்ற இடத்திற்கு என்ன மதிப்பு?

திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891 மே 15 அன்று ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில் தொழிலாளர் தமக்குள் கூடிச் சங்கம் அமைத்துக்கொள்வது இயற்கை உரிமை என்று நிலைநாட்டியதை நம் பங்குகளில் மே முதல் நாளன்று பலமுறை கேட்டிருக்கிறோம். அதன் தொண்ணூறாம் ஆண்டை ஒட்டி 1981இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் விடுத்த ‘லபோரெம் எக்ஸெர்சென்ஸ்’ என்னும் மடலின் 20ஆம் பகுதியை நாம் அவ்வளவாகப் படித்ததில்லை. சங்கங்கள் சமூக வாழ்வுக்கு இன்றியமையாதவை என்றும், தக்க வரம்புக்குள் வேலைநிறுத்தமும் முறையானதே என்றும் அது ஒப்புக்கொள்கிறது. அதே பகுதியில், சங்கத்தின் கோரிக்கைகள் ஒரு குழுவின் தன்னலமாகிவிடக் கூடாது என்றும் எச்சரிக்கிறது. தனிமனிதனின் தன்னலத்தை நாம் எளிதில் கண்டுகொள்கிறோம். ஒப்புரவு அருட்சாதனத்தில் அறிக்கையிடுகிறோம். நாற்பது பேர் சேர்ந்து தன்னலம் கொள்ளும்போது அதற்கு ஒற்றுமை என்று பெயர் வைத்துவிடுகிறோம். அங்கே யார் யாரிடம் போய் அறிக்கையிடுவது?

நிர்வாகத்தை நோக்கிய சொற்களும் திருச்சபையின் ஆவணங்களில் உண்டு. உலகில் நீதியைப் பற்றி 1971இல் கூடிய ஆயர் மாமன்றம், நீதியைப் பற்றிப் பேசத் துணிவோர் முதலில் பிறர் பார்வையில் நீதியுள்ளவராக இருத்தல் வேண்டும் என்றும், திருச்சபைக்காக உழைப்போர் பொதுநிலையினராயினும் போதிய ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் பெறவேண்டும் என்றும் கூறியது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1286ஆம் விதி, திருச்சபைச் சொத்துகளை நிர்வகிப்போர் நாட்டின் தொழிற் சட்டங்களைக் கடைப்பிடிக்கவும், நேர்மையான ஊதியம் வழங்கவும் கடமைப்பட்டவர் என்கிறது. இவற்றை எழுதிவைத்தோரே நடைமுறையில் தடுமாறியதும் உண்டு. அமெரிக்காவில் சிகாகோ மறைமாவட்டப் பள்ளி ஆசிரியர் சங்கம் அமைக்க முயன்றபோது, தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்திற்குத் திருச்சபைப் பள்ளிகள்மீது அதிகாரம் இல்லை என்று திருச்சபைத் தரப்பு வழக்காடி, 1979இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் வென்றது. ஏழாண்டு கழித்து, 1986இல், அதே நாட்டு ஆயர்கள் பொருளாதார நீதி பற்றிய தங்கள் மேய்ப்புப்பணி மடலில், திருச்சபை முன்மாதிரியான வேலை அளிப்பவராக விளங்கவேண்டும் என்றும், அதன் பணியாளர்க்கும் சங்கம் அமைக்கும் உரிமை உண்டு என்றும் எழுதினர். சட்டம் வற்புறுத்த இயலாத இடத்தில் மனச்சான்று வற்புறுத்தட்டும் என்று கொள்வோமானால் இரண்டும் பொருந்தும். பொருந்தாவிடில், முன்னது வழக்கு, பின்னது வாசகம் என்றுதான் ஆகும்.

நம் நாட்டுச் சட்டமும் ஆசிரியரை நெடுங்காலம் வாயிலிலேயே நிறுத்தியிருந்தது. 1988இல் கோவா தொடர்பான சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆசிரியர் தொழில் தகராறுச் சட்டப்படி ‘தொழிலாளர்’ அல்லர் என்றது. கற்பித்தல் அத்துணை உயர்ந்த பணியாம். உயர்ந்த பணி செய்தமையால் தாழ்ந்த பாதுகாப்பு. 2004இல் பணிக்கொடைச் சட்டத்திலும் அவ்வாறே அவர்களுக்கு இடமில்லையென்று தீர்ப்பாயிற்று. நாடாளுமன்றம் 2009இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே செல்லுமாறு ஆசிரியரைச் சேர்த்தது. தனியார் பள்ளிகள் அதை எதிர்த்து வழக்காடின. 2022 ஆகஸ்டில்தான் உச்ச நீதிமன்றம் அத்திருத்தம் செல்லும் என்று முடிவு கூறியது. (அப்பணிக்கொடைச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் அடங்கிவிட்டது.)

மே மாதத்தைப் பற்றியே ஒரு தீர்ப்பு உண்டென்பதை எங்கள் குழுவில் இருந்த இளைய ஆசிரியர் தேடிக் கொணர்ந்தார். அரியானா அரசு ஆசிரியரைக் கல்வியாண்டின் தொடக்கத்தில் தற்காலிகமாக அமர்த்தி, கோடை விடுமுறைக்கு முன்னே விலக்கி, மீண்டும் அமர்த்தி வந்தது. 1985இல் ரத்தன் லால் என்பார் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்தது. இது சமத்துவத்துக்கு எதிரானது. அரசு முன்மாதிரியான வேலை அளிப்பவராக நடந்துகொள்ள வேண்டும். விடுமுறைக்கால ஊதியத்தையும் அவர்களுக்கு அளிக்க வேண்டும் என்றது. இதைப் படித்தபோது எங்களுக்கு வியப்பைவிட வெட்கமே மிகுந்தது. நாங்கள் புதிதென்று எண்ணிய காயம் நாற்பதாண்டுகளுக்கு முன்னரே பெயரிடப்பட்ட ஒன்று. பெயரிடப்பட்ட பின்னும் அது நின்றுவிடவில்லை. தமிழக அரசே 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் முதலியவற்றுக்கு ஏறத்தாழ 16,500 பகுதிநேர ஆசிரியரை 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தியது. அவர்களுக்கும் மே மாதம் இல்லாதிருந்தது. அவர்கள் ஆண்டுக்காண்டு சென்னையில் வீதியில் அமர்ந்ததைச் செய்தித்தாளில் படித்துவிட்டு நாம் பக்கத்தைப் புரட்டியிருக்கிறோம். ஆகவே இக்குறையை நம் பள்ளி நிர்வாகத்தின்மீது மட்டும் ஏற்றுவது நேர்மையன்று. அரசு செய்தால் கொள்கை, அருட்பணியாளர் செய்தால் பாவம் என்று இரு படிக்கல் வைத்திருத்தல் ஆகாது. ஆனால், அரசும் செய்கிறது என்பது பலிபீடத்தின் அருகே நிற்பவர் சொல்லத்தக்க விடையும் அன்று. கூலியாளின் கூலியைக் கதிரவன் மறையுமுன் கொடுத்துவிடும்படி இணைச்சட்டம் பணிப்பது அரசை எதிர்நோக்கி அன்று, நம்பிக்கையாளரை நோக்கியே.

எங்கள் நான்காவது, சொல்லப்படாத எதிர்ப்புக்குத் திரும்புவோம். மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில், திராட்சைத் தோட்ட உரிமையாளர் விடியற்காலையில் தொடங்கி ஐந்துமுறை கடைத்தெருவுக்குச் சென்று ஆள் அமர்த்துகிறார். மாலையில் எல்லார்க்கும் ஒரே தெனாரியம். இவ்வுவமையை இறையருளின் தாராளத்தைக் காட்டுவதாக நாம் மறையுரைகளில் கேட்டிருக்கிறோம், அவ்விளக்கமே முதன்மையானது, இதை ஊதியக் குழு அறிக்கையாக வாசிப்பது பிழையாகும். எனினும் ஒன்றைக் கவனிக்கலாம். அங்கே முணுமுணுத்தவர் யார்? உரிமையாளரல்லர். விடியற்காலையில் வேலை கிடைத்தவர்கள். அவர்களுடைய கூலியில் ஒரு செம்புக்காசும் குறையவில்லை. அடுத்தவருக்கும் அதே கிடைத்தது என்பதே அவர்களுக்குப் பொறுக்கவில்லை. கடைசி மணி நேரத்தில் வந்தவர்களோ, சோம்பியிருந்ததாலன்று, யாரும் தங்களை அமர்த்தாததாலேயே நாள் முழுவதும் நின்றவர்கள். காலியிடம் நிரப்பப்படாத காலத்தில் பட்டம் பெற்று வந்த ஒருவர், எங்களைவிடப் பத்தாண்டு பின்னே பிறந்தார் என்பதைத் தவிர, வேறு என்ன குற்றம் செய்தார்? தமிழகத்தில் 2009 ஜூன் முதல் நாளுக்கு முன்னே பணியேற்ற இடைநிலை ஆசிரியர்க்கும் பின்னே ஏற்றவர்க்கும் அடிப்படை ஊதியம் வெவ்வேறாக வகுக்கப்பட்டதும் இத்தகையதே. ஒரே வேலைக்கு நாட்காட்டி பார்த்துக் கூலி. பின்னவர்கள் 2018 டிசம்பரில் சென்னையில் பட்டினி கிடந்து மயங்கி விழுந்தனர். முன்னவர்களாகிய நாங்கள் ஆதரவுத் தீர்மானம் நிறைவேற்றினோம். தீர்மானம் நிறைவேற்றுவதில் எங்களை யாரும் விஞ்ச இயலாது.

ஈராண்டுத் தயக்கத்துக்குப் பின்னரே நாங்கள் தாளாளரைச் சந்தித்தோம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அந்த ஈராண்டிலும் அந்த ஆசிரியை விடுவிப்புக் கடிதத்தில் ஒப்பமிட்டார். சுற்றறிக்கையையும் படியெடுத்துக் கொணர்ந்தார். எதிர்ப்புகளுக்கெல்லாம் விடை கண்டபின் போகலாம் என்று காத்திருந்தோம். விடை காண்பதற்குரிய காலமெல்லாம் அவருடைய செலவில் கழிந்தது. அறநெறிச் சிக்கலொன்றை ஆழ ஆராய்தல் நற்செயலே. ஆனால் ஆராய்பவர்க்கு மாதம் தவறாமல் சம்பளம் வந்துகொண்டிருக்கும்போது ஆராய்ச்சி நீண்டுவிடுகிறது.

தாளாளர் எங்களைக் கடிந்துகொள்வார் என்றெண்ணிச் சென்றோம். அவர் கணக்குப் புத்தகத்தை எடுத்து எங்கள் முன் விரித்தார். மின் கட்டணம், கட்டடப் பழுது, பேருந்துக் கடன், ஏற்பு வராத இரு பணியிடங்களுக்கு ஆண்டுக்கணக்கில் நிர்வாகமே கொடுத்துவரும் ஊதியம், கட்டணம் செலுத்தாத பிள்ளைகளின் பட்டியல். “நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க” என்றார். அவருடைய கேள்வியில் போலித்தனம் இல்லை. அன்றுவரை நாங்கள் எதிரே அமர்ந்திருந்தோம். அப்போதுதான் நாற்காலிகளை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, புத்தகத்தை அவரோடு சேர்ந்து பார்க்கத் தொடங்கினோம். ஆண்டு விழாச் செலவு கண்ணில் பட்டது. முகப்பு வளைவு கட்டத் திரட்டிய நிதி கண்ணில் பட்டது. எங்கள் நல நிதியில் கேட்பாரின்றிக் கிடந்த தொகையும் எங்கள் கண்ணில் பட்டது. அதைச் சொல்ல எங்களுக்குச் சிறிது நேரம் பிடித்தது.

முடிவு பெரிய வெற்றி என்று சொல்வதற்கில்லை. முகப்பு வளைவு தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த மே மாதத்திற்குப் பாதி ஊதியம் கொடுக்கப்பட்டது; அதற்கடுத்த ஆண்டு முழு ஊதியம். விடுவிப்புக் கடிதம் நின்றது. வைப்பு நிதிக் கணக்கு தொடங்குவதற்கு மேலும் ஓராண்டு சென்றது. கட்டணம் சிறிது உயர்ந்தது. அதனால் இரு குடும்பங்கள் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றின என்பதையும் எழுதவேண்டும். நாங்கள் சென்று பேசியும் அவர்கள் திரும்பவில்லை. ஊதிய வேறுபாடு குறைந்ததேயன்றி நீங்கவில்லை. விதிமுறையைத் திருத்த மேல்நிலைக் கூட்டத்தில் இடம் கிடைக்காமையால், ‘இணை உறுப்பினர்’ என்றொரு பெயரை நாங்களே உண்டாக்கி, அவர்களைக் கூட்டத்திற்கு அழைத்தோம். இணை என்ற சொல்லிலேயே பிரிவு இருக்கிறதென்று அந்தக் கணித ஆசிரியை நகைத்தார். இணைகோடுகள் எங்கும் சந்திப்பதில்லையாம்.

அவர் பின்னர் வேறொரு ஊரில் அரசுப் பணி பெற்றுச் சென்றார். எங்கள் விழாவில் அவருக்கு மாலையிட்டோம். அவ்வாண்டுச் சுற்றறிக்கையின் முதற்பக்கத்தில் அவர் பெயர் வந்தது. அவருடைய மகன் பட்டயப் படிப்பு முடித்த செய்தியும் வந்தது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை வெளியிடாமல் விட்டதை அதில் எழுதவேண்டும் என்று ஒருவர் சொன்னார். பிழை திருத்தம் போட அது காலங்கடந்தது என்று விட்டுவிட்டோம். அதுவும் சரியா என்று இன்றுவரை எங்களுக்குள் ஒருமித்த கருத்தில்லை.

ஓய்வு பெற்ற பின்னும் ஏப்ரல் மாதக் கூட்டத்திற்கு எங்களை அழைக்கிறார்கள். கடந்த முறை சென்றபோது, இளையவர்கள் சுற்றறிக்கைக்குரிய பெயர்ப் பட்டியலைத் தொகுத்துக்கொண்டிருந்தார்கள். அரசு ஊதியம் பெறுவோரும் நிர்வாக ஊதியம் பெறுவோரும் இப்போது அகர வரிசையில் ஒன்றாகவே வருகிறார்கள். பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர் இருவரையும், தொடக்கப் பிரிவில் கூட்டிப் பெருக்கி, வாந்தியெடுத்த பிள்ளைகளைக் கழுவிவிடும் ஆயாவையும் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். அவர்கள் ஆசிரியரல்லரே, இது ஆசிரியர் சங்கமாயிற்றே என்று மற்றொருவர் சொன்னார். எங்களுக்கு அக்குரல் மிகவும் பழக்கமானதாக இருந்தது. சிறிது வாதத்திற்குப்பின், நலச் செய்திப் பக்கத்திலேனும் சேர்ப்பது என்று முடிவாயிற்று. ஓட்டுநர் பெயர்களை எழுதினார்கள். ஆயாவின் பெயரை எழுதப் போனபோது எழுதுகோல் நின்றது. இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர் அங்கே இருக்கிறார். அறையில் இருந்த ஒருவருக்கும் அவர் பெயர் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. அலுவலக வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் செய்து பார்த்தோம். அதிலும் ‘ஆயா’ என்றே இருந்தது. இளைய ஆசிரியை ஒருவர் எழுந்து, கேட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லிக் கீழே இறங்கிப் போனார்.